உப்புப் பார்க்க ஒருவர்

2018ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், நோன்பு மாதம் நடந்துகொண்டிருந்தபோது, கதிர்காமப் பாதயாத்திரை அடியார்களோடு கிண்ணியாப் பாலத்தை நடந்து கடந்தேன். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் வேலெடுத்துப் புறப்படும் அவர்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று கிழக்குக் கரையோரமாகவே இறங்கி, யால காட்டினூடாகக் கதிர்காமத்தைச் சென்றடைவது வழக்கம். முழுத் தூரமும் நடக்க உடல் இடந்தராது என்பதால், திருகோணமலைக் கோணேசர் கோவிலில் அவர்களோடு இணைந்து வெருகல் சித்திர வேலாயுத சுவாமி கோவில் வரை நடப்பதாக மட்டும் நேர்ந்திருந்தேன்.

நான்கு மதத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் பொதுச் சமையலைப் பற்றி எழுத வந்தாலும், அந்த நடையிலிருந்தே தொடங்க வேண்டும். அதை அச்சத்தோடுதான் தொடங்கினேன். அதற்கு முந்திய மாதம், நகரின் பாடசாலையொன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா என்னும் நீள மேலங்கி அணிந்து வருவது தொடர்பாக எழுந்த பிணக்கு வீதிக்கு வந்து ஆர்ப்பாட்டமாகியிருந்தது; பல்லாண்டு பழகியவர்கள்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கத் தயங்கினார்கள். நான் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இரு பக்கத்திலும் எனக்கு மாணவிகள் இருந்தார்கள். இரு பக்கத்துக் கோபத்தையும் அவர்கள் அனுப்பிய செய்திகளிலேயே வாசித்திருந்தேன். வேலும் காவித் துணியுமாகக் கிண்ணியாக் கடைத்தெருவினூடாகப் போகும்போது யார் என்ன சொல்வார்களோ என்ற எண்ணம் சீனக்குடாவைத் தாண்டும்போதே நெஞ்சில் ஏறிவிட்டது.

2009 ஒக்டோபரில் திறக்கப்பட்ட, 396 மீற்றர் நீளமான அந்தப் பாலம் வருவதற்கு முன்னர், நாங்கள் ‘பாதை’ என்று சொல்லும் மிதவையில்தான் அக்கரைக்குப் போக வேண்டும். மீன் பெட்டி, நெல் மூட்டை, சைக்கிள், பாடசாலைப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பலகையில் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். அடுத்த பாதைக்காகக் காத்திருந்த நேரங்களில் காதில் விழுந்த பேச்சுக்கள்தான் நான் கிண்ணியாவை அறிந்த வழி. பாலம் வந்தபின் பயணம் விரைவாயிற்று, காத்திருப்பு நின்றது, கூடவே அந்தப் பேச்சும் நின்றுபோயிற்று என்பது என் கவலைகளில் ஒன்று.

பாலத்தைக் கடந்து சிறிது தூரம் நடந்ததும், வீதியோரத்தில் ஒரு மேசையும் அதன்மேல் இரண்டு பெரிய வாளிகளும் இருந்தன. காலை பத்து மணி தாண்டியிருக்கும். கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. தலையில் தொப்பியணிந்த ஒரு பெரியவர் தேசிக்காய்த் தண்ணீரைக் கோப்பை கோப்பையாக அள்ளி அடியார்களுக்கு நீட்டினார். அவருடைய உதடுகள் காய்ந்து தோலுரிந்திருந்தன. எனக்கு ஊற்றியபோது தண்ணீர் அவர் விரல்களில் வழிந்தது. அந்த ஈரத்தை அவர் உடனே சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

“நோன்போட இந்த வெயிலுக்க நிக்கிறீங்களே, நானா” என்றேன்.

“நோன்பு எங்களுக்குத்தானே. உங்களுக்கு இல்லையே. குடிங்க” என்றார். பிறகு, நான் வேறெதுவும் கேளாமலே, “தாகிச்சு வாறவங்களுக்குத் தண்ணி குடுக்கச் சொல்லித்தான் எங்களுக்கும் சொல்லியிருக்கு” என்றார்.

எல்லா மதங்களும் ஒன்றே என்று அவர் சொல்லவில்லை. என் வேலாயுதத்தைப் பார்த்துக் கும்பிடவுமில்லை. கும்பிட மாட்டார் என்பது எனக்கும் தெரியும். தம்முடைய மார்க்கம் தமக்கு விதித்ததை அவர் செய்தார். என்னுடைய நேர்த்தியை நான் நிறைவேற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு கடமைகளும் அந்த மேசையடியில் சந்தித்தன. கலாசாரங்களுக்கிடையிலான கூட்டுறவுக்கு மத நம்பிக்கை எவ்வாறு உதவுகிறது என்று என்னிடம் எவராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சாரத்தில் துடைக்கப்பட்ட அந்த ஈரம்தான்.

திருகோணமலையில் மத நல்லிணக்கத்துக்கென்று கூட்டங்கள் நடப்பதுண்டு. தேசிய சமாதானப் பேரவை போன்ற அமைப்புக்கள் பல மாவட்டங்களில் சர்வமதக் குழுக்களை உருவாக்கியிருக்கின்றன. வதந்தியொன்று பரவும்போது விகாராதிபதியும் மௌலவியும் குருக்களும் பங்குத்தந்தையும் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்துப் பேச வழியிருப்பது பெரிய காரியம் என்பதை நான் மனமார ஏற்கிறேன். ஆனால் அத்தகைய கூட்டமொன்றில் குத்துவிளக்கேற்ற அழைத்தபோது ஒரு மௌலவி ஒதுங்கி நின்றதையும், அதைக் கண்டு எங்களவர்கள் முணுமுணுத்ததையும் பார்த்திருக்கிறேன். அன்று நானும் முணுமுணுத்தவர்களில் ஒருத்தி. விளக்கேற்றாத அதே மௌலவி, வெள்ளக் காலத்தில் எங்கள் பிள்ளையார் கோவில் மண்டபத்தில் தங்கியிருந்த குடும்பங்களுக்கு இடுப்பளவு நீரில் பாண் சுமந்து வந்தபோதுதான், நான் அளந்த அளவுகோல் பிழையென்று விளங்கியது. தம் நம்பிக்கையில் இறுக்கமாக நிற்பவர் அயலவருக்கு எதிராக நிற்பவர் என்று நான் எண்ணியிருந்தேன். நான் கண்டறிந்ததோ அதற்கு நேர்மாறானது. தம்முடைய கடவுளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அஞ்சுகிறவரிடம் ஒரு மூட்டை அரிசியை நம்பிக் கொடுக்கலாம்.

எங்கள் மாவட்டத்தில் தனித்து நின்று சமாளிக்கக்கூடிய சமூகம் எதுவுமில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இங்குள்ள ஏறத்தாழ 380,000 பேரில் ஐந்தில் இரண்டு பங்கினர் முஸ்லிம்கள். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்தோர் தமிழர். நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடியோர் சிங்களவர். தமிழரிலும் சிங்களவரிலும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கட்டினான் என்று நாங்கள் சொல்வோம். அக்கபோதி மன்னன் கட்டினான் என்று சிங்களவர் சொல்வார்கள். அந்த நீர் தம்பலகாமத்துக்கும் கிண்ணியாவுக்கும் வாய்க்கால் வழியே வந்து எல்லாருடைய வயலிலும் பாய்கிறது. மழை பொய்த்தால் பள்ளிவாசலில் மழைத் தொழுகை, கோவிலில் வருண ஜெபம், விகாரையில் பிரித் ஓதல். கேட்பது ஒரே மழையைத்தான்.

எங்கள் பகுதியில் நான்கு வழிபாட்டுத் தலங்களைச் சேர்ந்த பெண்கள் சேர்ந்து நடத்தும் பொதுச் சமையலைப் பற்றியே நான் எழுத வந்தேன். அதன் தொடக்கம் 2004 டிசம்பர் 26. அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி, நத்தாருக்கு மறுநாள், எங்களுக்குத் திருவெம்பாவைக் காலம். விடியற்காலையில் சங்கும் சேமக்கலமுமாக வீதியுலா வந்தவர்களில் என் கணவரும் ஒருவர். காலை ஒன்பது மணியளவில் கடல் ஊருக்குள் வந்தபோது, தேவாலயத்திலும் விகாரையிலும் கோவிலிலும் ஆட்கள் கூடியிருந்தார்கள். நாடு முழுவதிலும் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அந்த நாளில், அரச உதவி வந்து சேருமுன், பசித்து நின்றவர்களுக்கு உணவு கொடுக்கத் தேவையான எல்லாம் ஒரே இடத்தில் இருந்தது வழிபாட்டுத் தலங்களில் மட்டுமே: கிடாரம், அகப்பை, கிணறு, விறகு, கூரை, கூப்பிட்டவுடன் வந்து நிற்கும் ஆட்கள். நம்பிக்கை முதலில் மனத்தைத் தொடுகிறது என்பார்கள். அன்று அது முதலில் அடுப்பை மூட்டியது.

மேட்டு நிலத்துப் பாடசாலையொன்றில் எல்லாரும் ஒதுங்கியிருந்தோம். பள்ளிவாசலிலிருந்து கந்தூரி விருந்துக்குச் சமைக்கும் கிடாரங்கள் இரண்டு வந்தன. எங்கள் முதியவர்கள் சிலர், மாட்டிறைச்சி சமைத்த பாத்திரத்தில் சமைத்ததை உண்ணமாட்டோம் என்று அன்று பட்டினி கிடந்தார்கள். அடுத்த நாள் கோவில் அண்டாவில் பொங்கி, வழக்கப்படி பிள்ளையாருக்குப் படைத்துவிட்டுக் கொடுத்தபோது, எனக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் அக்கா, நாங்கள் ராத்தா என்று அழைப்பவர், சோற்றை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு உண்ணாமல் இருந்தார். பிள்ளைகள் அழுதன. படைத்ததை அவர்கள் உண்ணமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் பிரசாதத்தை அவமதிப்பதாக எண்ணி உள்ளம் நொந்தேன். மாலையில் அவரே வந்து மெதுவாகச் சொன்னார். “டீச்சர், நீங்க குடுத்ததுல குறையில்ல. சாமிக்கு வைக்க முந்தி எடுத்துத் தந்தா நாங்க சாப்பிடுவம்.” அவ்வளவுதான். ஒரு வாக்கியத்தில் தீரக்கூடிய ஒன்றுக்காக நானூறு பேரில் பாதிப் பேர் பசித்திருந்தார்கள்.

மூன்றாம் நாளிலிருந்து மரக்கறி மட்டும் சமைத்தோம். எதையும் படைக்குமுன் பங்கிட்டோம். விகாரையிலிருந்து அரிசியும் பருப்பும் வந்தன. கத்தோலிக்கப் பங்கிலிருந்து வந்த அருட்சகோதரி ஒருவர் தமிழும் சிங்களமும் நன்றாகப் பேசுவார். நாங்கள் ஒருவரோடொருவர் பேசியதெல்லாம் அவர் வாய் வழியாகத்தான். இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் மொழி ஒன்று, மதம் வேறு. எங்களுக்கும் சிங்களவருக்கும் இரண்டும் வேறு. ஒரே பலிபீடத்தின் முன் இரு மொழியிலும் செபிக்கும் கத்தோலிக்கர்தான் இந்த ஊரில் எண்ணிக்கையில் சிறியவர்கள். ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் எங்கள் சமையலறையில் உப்பு எங்கே என்று கேட்கவும் வழி இருந்திராது.

அந்த ஒற்றுமை ஐந்து மாதங்கூட நீடிக்கவில்லை. 2005 மே மாதத்தில் பேருந்து நிலையத்தருகே ஓரிரவில் வைக்கப்பட்ட புத்தர் சிலை நகரை நாட்கணக்கில் முடக்கியது. 2006 ஏப்ரல் 12ஆம் திகதி, புத்தாண்டுக்கு இரண்டு நாள் இருக்கையில், சந்தையில் குண்டு வெடித்தது. தொடர்ந்த வன்செயலில் தமிழருடையதும் முஸ்லிம்களுடையதுமான கடைகள் எரிந்தன. அந்த மாதமே சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அவர்கள் திரும்பத் தொடங்க ஒன்பது ஆண்டுகள் சென்றன. ஓகஸ்ட் மாதத்தில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தார்கள். மாவிலாற்று மதகு மூடப்பட்டதும், அதைத் தொடர்ந்து போர் மீண்டும் முழுமூச்சாக மூண்டதும் அதே ஆண்டில்தான். சமயம் அந்த நாட்களில் எங்களைக் காத்தது என்று சொல்ல நான் துணியமாட்டேன். சிலையும் கொடியும் எல்லைக்கல்லாக நடப்பட்ட நாட்கள் அவை. எங்கள் பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதை நிறுத்தினார்கள். பொதுக் கிடாரங்களில் ஒன்று எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.

மீண்டும் கூடியது 2011 ஜனவரி வெள்ளத்தில். கிழக்கு முழுவதும் நீரில் மூழ்கியிருந்த அந்த வாரத்தில், யாரும் யாரையும் அழைக்காமலே, 2004இல் சமைத்த பெண்களில் பலர் அதே பாடசாலைக்கு வந்து சேர்ந்தோம். வெள்ளம் வடிந்தபின் கலைந்துபோக மனமில்லாமல், நான்கு இடத்தாரும் சமமாகப் பணம் போட்டு மூன்று புதிய அலுமினியக் கிடாரங்கள் வாங்கினோம். பழைய பாத்திரத்தில் எவரும் குறை காணக்கூடாது என்பதற்காகவே புதிதாக வாங்கினோம். அவற்றில் இறைச்சியும் மீனும் முட்டையும் சமைப்பதில்லை. அவற்றில் சமைத்தது எந்தச் சந்நிதியிலும் படைக்கப்படுவதில்லை. கோவிலுக்கு உரியது கோவில் மடைப்பள்ளியில், கந்தூரிக்கு உரியது பள்ளிவாசல் கிடாரத்தில். பொதுக் கிடாரங்கள் பாலர் பாடசாலையொன்றின் பின்னறையில் இருக்கும்; அதன் சாவி மாதம் ஒரு தலத்தாரிடம் இருக்கும். இந்த விதிகளை எழுதி வைத்ததில்லை, ஆனால் எழுதிய சட்டங்களைவிட உறுதியாக இருந்து வருகின்றன.

உப்புப் பார்ப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதன்முதலில் நோன்பு மாதமொன்றில் நாங்கள் சமைத்தபோது, ராத்தா குழம்பைக் கிளறிவிட்டு, “உப்புப் பாருங்க டீச்சர்” என்று அகப்பையை என்னிடம் நீட்டினார். நானோ சிறுவயதிலிருந்து கோவில் மடைப்பள்ளியில் பழகியவள். பரிமாறுமுன் ருசி பார்ப்பது எனக்கு நாவிலேயே வராது. நான் அகப்பையை விகாரையிலிருந்து வந்திருந்த அம்மாவிடம் நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு சிங்களத்தில் ஏதோ சொன்னார், சிஸ்டர் மொழிபெயர்த்தார். புத்த பூசைக்கும் பிக்குமாரின் தானத்துக்கும் எடுத்து வைக்குமுன் நாங்களும் நாவில் வைப்பதில்லை என்றாராம். மூன்று மதத்துப் பெண்கள் ஒரு கிடாரத்தைச் சுற்றி நின்று, ஒருவருக்கும் உப்புப் பார்க்க முடியாமல், அகப்பையிலிருந்து குழம்பு சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் சிஸ்டர்தான் வாங்கி உள்ளங்கையில் விட்டுப் பார்த்து, “இன்னும் ஒரு பிடி” என்றார். அன்றுமுதல் உப்புப் பார்ப்பது அவருடைய பொறுப்பு. அவர் இடமாற்றம் பெற்றுப் போனபின் வந்த சிஸ்டருக்கு நாங்கள் முதலில் சொல்லிக் கொடுத்ததும் அதுவே.

அந்த நிமிடத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். தமக்கு முன் இன்னொருவருக்குரியது என்று எடுத்து வைக்கும் பழக்கம் எங்கள் மூவரிடமும் ஊறிக் கிடந்தது. ஆனால் அருகருகே அடுப்பு மூட்டும்வரை அதை ஒருவருக்கொருவர் அறியோம். தங்கள் ஆசாரத்தை விட்டுக்கொடுத்து வந்த பெண்களாக நாங்கள் இருந்திருந்தால், அது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

கன்னியாவுக்கு அப்பால், பெரியகுளத்தருகே உள்ள வெல்கம் விகாரையை நாங்கள் நாதனார் கோவில் என்போம். அங்கே 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுக்கள் இருக்கின்றன. சைவரான சோழர் ஆட்சியில் இடிபடாமல் நின்றதோடு, இராஜராஜப் பெரும்பள்ளி என்று அரசனின் பெயரையே தாங்கிய பௌத்தப் பள்ளி அது. தமிழர்கள் அதற்கு விளக்கும் பசுக்களும் தானம் கொடுத்ததைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இன்று இந்த மாவட்டத்தில் பழைய கல் ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டால், அது யாருடையது என்ற சண்டை அடுத்த நாளே தொடங்கிவிடுகிறது. தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் விவசாயிகள் காணி போய்விடுமோ என்று கலங்குகிறார்கள். அந்தக் கலக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. அதை நான் சிறிதாக்கவில்லை. விகாரையிலிருந்து வரும் அம்மாவை ஒருமுறை அங்கே அழைத்துப்போய், என் பாட்டனுக்குப் பாட்டன் எழுத்தென்று அந்தக் கல்லைக் காட்டினேன். அவர் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். “விளக்கு எரிக்கக் கொடுத்தது” என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் பையிலிருந்து ஒரு விளக்கை எடுத்து, என்னிடமே கொடுத்துக் கொளுத்தச் சொன்னார்.

எங்கள் சொந்த வீட்டுக் குறையொன்றையும் இந்தச் சமையல்தான் எனக்குக் காட்டியது. 2011இல் கூடிச் சமைத்த முதல் நாட்களில், எங்கள் பக்கத்துப் பெண்களில் சிலர் காய் நறுக்குவதோடு நின்றுகொண்டு, கிடாரத்தின் பக்கம் வராமல் ஓரமாக நின்றார்கள். ராத்தா மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் கேட்டார்: “டீச்சர், அவங்க ஏன் அங்கால நிக்கிறாங்க? கிட்ட வரச் சொல்லுங்களன்.” எனக்கு மறுமொழி வரவில்லை. அந்தப் பெண்களின் சாதியை ஒட்டி, எங்கள் கோவில் மடைப்பள்ளிக்குள் அவர்களை நாங்கள் ஒருநாளும் விட்டதில்லை. வெளியிலும் அந்தப் பழக்கத்திலேயே நின்றார்கள். வேற்று மதத்தாரோடு சேர்ந்து சமைப்பதற்கு ஒப்புதல் கொடுத்த எங்கள் பரிபாலன சபை, சொந்தச் சமயத்தாரை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்ததை நான் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் சபையில் எழுந்து பேசினேன். மூன்று ஆண்டுகள் இழுபட்டது. சிலர் கோவிலுக்கு வருவதை நிறுத்தினார்கள். இப்போது அந்தப் பெண்களில் இருவர் மடைப்பள்ளியில் பொங்குகிறார்கள். சைவத்தைச் சைவருக்கு நினைவூட்ட ஒரு முஸ்லிம் பெண்ணின் கேள்வி தேவைப்பட்டதில் எனக்கு இன்னும் வெட்கம் உண்டு.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த செய்தி வந்தபோது, அந்த மாதத்துச் சாவி ராத்தாவிடம் இருந்தது. மறுநாளே எங்கள் பக்கத்திலிருந்தும் வேறு பக்கத்திலிருந்தும் சிலர், சாவியை அவரிடமிருந்து வாங்கி வையுங்கள் என்று சொன்னார்கள். பாலர் பாடசாலைக் கட்டடம் அது, பிள்ளைகள் வந்துபோகும் இடம் என்று காரணமும் சொன்னார்கள். அந்தக் கோரிக்கையை முதலில் முன்வைக்க உரிமை இருந்தவர் என்று யாராவது இருந்தால், அது சிஸ்டர்தான். இறந்தவர்களில் அவருக்கு உறவினரும் இருந்தார்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “முறை முறைதான். மே முதலாந் திகதி அவ தருவா” என்றார். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மே முதலாந் திகதி ராத்தா சாவியை எடுத்துக்கொண்டு, தனியாக, தேவாலயத்து மதிலோரம் வந்து நின்றார். உள்ளே வரத் துணியவில்லை. வாயிலில் சோதனை நடந்துகொண்டிருந்தது. சிஸ்டர் வெளியே போய் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். இருவரும் அழுததை நான் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

அந்த ஆண்டு எங்கள் சமையல் பல மாதங்கள் நடக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். ஒரு சிஸ்டரின் மனம் ஊர் முழுவதின் மனம் ஆகாது. பள்ளிவாசல் பக்கத்துப் பெண்களில் மூவர் பிறகு வரவேயில்லை. வந்தவர்களும் வீதியில் தனியே வர அஞ்சி, கூட்டமாகவே வந்தார்கள்.

கொரோனாக் காலம் எங்களை மீண்டும் சேர்த்தது. நாட்கூலிக் குடும்பங்களுக்கு வேலையில்லாமல் போன அந்த மாதங்களில் கிடாரங்களுக்கு ஓய்விருக்கவில்லை. ஆனால் அக்காலத்தில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது வேறொன்று. கொரோனாத் தொற்றால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களையும் எரித்தே ஆக வேண்டும் என்று 2020இல் கட்டாயமாக்கப்பட்டது. புதைப்பதால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும் அது நடந்தது. எங்களவர்கள் சிலர், எரிப்பதில் என்ன குறை, நாங்கள் எரிக்கவில்லையா என்று கேட்டார்கள். எனக்கு அப்படிக் கேட்க முடியவில்லை. என் தாய்க்குக் கொள்ளி வைத்து, மூன்றாம் நாள் காடாற்றி, அஸ்தியைக் கன்னியா வெந்நீரூற்றடியில் அந்தியேட்டி செய்து முடித்தபின்தான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் உறக்கம் வந்தது. அதைச் செய்யக்கூடாது, புதைத்துவிடு என்று ஒரு சட்டம் வந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன்? சடங்கெல்லாம் வெறும் சடங்கு என்று எண்ணுகிறவர்களுக்கு அந்த வேதனை பிடிபடுவது கடினம். எனக்குப் பிடிபட்டதற்குக் காரணம் என் சடங்கில் எனக்கிருந்த பற்றுத்தான்.

2020 டிசம்பரில் கொழும்பு பொரளை மயானத்தின் வாயிற் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள், இறந்தவரைச் சுற்றி அடக்கும் கபன் துணியின் நினைவாக. செய்தி அறிந்து எங்கள் பெண்கள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் படலையில் ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டினோம். எங்கள் தெருவில் குருக்கள் வீட்டுப் படலையிலும் ஒன்று தொங்கியது, கட்டியவர் குருக்களம்மா. 2021 பெப்ரவரியில் அந்த விதி மாற்றப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கும்வரை மழையிலும் வெயிலிலும் அது அங்கேயே கிடந்து பழுப்பேறியது. இதனால்தான் விதி மாறியது என்று நான் கூறவில்லை. ராத்தா அந்தத் தெருவால் போகும்போதெல்லாம் அந்தப் படலையருகே சற்று நின்று போனார் என்பதை மட்டும் அறிவேன்.

கோணேசர் கோவிலைப் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். நானூறு ஆண்டுகளாகியும் எங்கள் மனம் ஆறவில்லை. மற்றவர்களுக்கும் ஆறாதவை இருக்கின்றன. எங்கள் பெண்களிடையே இவை பேசப்படாமல் இல்லை. காய் நறுக்கும்போது சில வேளை குரல் உயரும், சில வேளை ஒருவர் எழுந்து போய்விடுவார். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருப்பதால் சிறிது நேரத்தில் திரும்பி வந்துவிடுவார். பதினொரு மணிக்குள் விகாரைக்குப் பங்கு போய்ச் சேர வேண்டும், பிக்குமார் நண்பகலுக்குப் பின் உண்பதில்லை. வெள்ளிக்கிழமையென்றால் ஜும்ஆத் தொழுகைக்கு முன் பாத்திரம் கழுவி முடிய வேண்டும். சண்டையை முழுதாக நடத்தி முடிக்க எங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை.

இந்த மாதம் சாவி என்னிடம் இருக்கிறது. நேற்று அறையைத் திறந்து கூட்டிவிட்டுப் பார்த்தேன். பெரிய கிடாரத்தின் ஒரு காது ஆடுகிறது, ஆணி தளர்ந்திருக்கிறது. கொதிக்கும் சோற்றோடு இருவர் தூக்கும்போது கழன்றால் கால் வெந்துவிடும். முதலாந் திகதி சாவி விகாரைக்குப் போகிறது. அதற்குள் பாத்திரக் கடை நானாவிடம் கொண்டுபோய் இறுக்கி எடுத்துவர வேண்டும்.